ஒத்துப்போன மூன்று எண்கள்

கனவில் அவள் ஒரு நீண்ட நடைக்கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருப்பாள். சாம்பல் நிற உடை, விரல் நுனிகளில் மை. நான் ஒரு தாளை நீட்டுவேன். அவள் அதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரியாத மொழியில் இன்னொரு தாளில் எழுதித் தருவாள். நான் கொடுத்ததைவிட அது எப்போதும் சிறியதாகவே இருக்கும்.

"மிச்சம் எங்கே?" என்று கேட்பேன்.

"வேண்டாததை விட்டுட்டேன்" என்பாள். குரலில் எந்தக் கூச்சமும் இருக்காது.

அவளுக்கு முகம் உண்டு. விழித்ததும் அது தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி கரைந்துவிடும்.

பகலில் அவளுக்குப் பெயர் கம்பைலர். மனிதர்கள் எழுதும் புரோகிராம் சிப்புக்குப் புரியாது. சிப்புக்குப் புரிகிற எண்களை மனிதர்களால் எழுதி மாளாது. நடுவில் இருந்து மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்தான் கம்பைலர். அது ஒழுங்காக மாற்றுகிறதா என்று சோதித்து, 'இதை நம்பலாம்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பொம்மைக் கார் செய்கிறவர்களுக்கு இந்தக் கையெழுத்து தேவையில்லை. நாங்கள் செய்வது குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. குழந்தையின் உடம்புச் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஏற்றி இறக்குவது ஒரு சின்ன சிப். அந்தச் சிப்புக்குப் போகிற ஒவ்வொரு சொல்லும் அவள் கை வழியாகத்தான் போகிறது. எழுதுகிறவர் எவ்வளவு கவனமாக எழுதினாலும், அவள் ஏதோ நினைவில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

ஆபீஸில் எனக்கு 'டவுட் அக்கா' என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. எங்கள் மேலாளருக்கு 'தேதி' என்று பேர். அவர் வாயைத் திறந்தால் வேறெதுவும் வராது. அவரை மட்டும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிடுகிறோம்.

அன்று காலை அவர் என் மேஜைப் பக்கம் வந்தபோது திரை முழுக்கப் பச்சை. ஆயிரக்கணக்கான சோதனைகள், ஒவ்வொன்றும் ஒரு வரி, ஒவ்வொரு வரியும் பச்சை. புல்வெளியை மேலேயிருந்து பார்ப்பதுபோல இருந்தது. அதிலேயே கண்ணை மூடிப் படுத்துவிடலாம் என்று தோன்றியது.

"என்னம்மா, எல்லாம் பச்சைதானே?"

"பச்சைதான் சார். அதுதான் பிரச்சனை."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்றால் அவர் முதலில் உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. விலைக்கு வாங்கிய சோதனைகளுக்கு நடுவே, வேண்டுமென்றே தப்பாக எழுதிய சிலவற்றைக் கலந்து வைப்பேன். அவை சிவப்பாக வர வேண்டும். அவை சிவந்தால்தான் மற்றவற்றின் பச்சையை நம்புவேன். இந்த முறை அவற்றில் ஒன்று பச்சையாக வந்திருந்தது. சிப்புக்குள் நிற்காமல் எண்ணிக்கொண்டே ஓடும் ஒரு கவுண்டர் உண்டு. 'அதை அடுத்தடுத்து இரண்டு முறை படி. இரண்டும் ஒன்றுதான்' என்று எழுதி வைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை இரண்டு முறை பார்த்தால் இரண்டு எண்தான் வரும். கம்பைலரோ 'ஆமாம், ஒன்றேதான்' என்று சொல்லிவிட்டது.

"ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? ஃபெயில் ஆனா அழறவங்களைப் பார்த்திருக்கேன். பாஸ் ஆனதுக்கு அழற ஒரே ஆள் நீங்கதாம்மா."

"பாஸ் ஆகக் கூடாத டெஸ்ட் சார் அது. நானே தப்பா எழுதி வெச்சது."

"தப்பா எழுதினா தப்பாத்தான் வரும். எடுத்துப் போட்டுடுங்களேன்."

"தப்பா வரலையே சார். சரின்னுல்ல வந்திருக்கு."

"வெள்ளிக்கிழமை கையெழுத்து. அது நிக்குது இல்ல?" என்றார்.

"பார்க்கறேன் சார்."

"பார்க்காதீங்கம்மா. நீங்க பார்க்கப் பார்க்கத்தான் என் தேதி தள்ளிப் போகுது."

அவர் போன பிறகு, கம்பைலர் சிப்புக்காக எழுதிக் கொடுத்த வரிகளைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். கம்பைலருக்கு நாம் ஒரு சுதந்திரம் கொடுக்கலாம்: முடிந்த இடத்தில் சுருக்கிக்கொள் என்று. ஒரே பொருளை இரண்டு முறை போய்ப் பார்க்கச் சொன்னால், ஒரு முறை பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாவது முறைக்கு அந்த நினைவையே எடுத்துக் கொடுத்துவிடும். வேகம் மிச்சம். ஆனால் தானாக மாறக்கூடிய பொருள் என்றால், 'இது நம்மைக் கேட்காமல் மாறும், ஒவ்வொரு தடவையும் நேரில் போய்ப் பார்' என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதி வைப்போம். அந்தச் சொல் இருந்தால் கம்பைலர் சுருக்கக் கூடாது. நான் அந்தச் சொல்லை எழுதியிருந்தேன். ஒரு சின்ன பகுதிக்குள் இன்னொரு சின்ன பகுதி, அதற்குள் அந்தச் சொல். அவ்வளவு உள்ளே தள்ளி வைத்ததில் கம்பைலர் அதை மறந்திருந்தது. இரண்டு முறை போக வேண்டிய இடத்துக்கு ஒரு முறைதான் போயிருந்தது.

வேண்டாததை விட்டுட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் மூன்று துளிகள் தனித்தனியாக இறங்கின. பாதி வழியில் ஒன்றையொன்று தொட்டன, ஒரே துளியாகி வழிந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவரின் மேஜைச் சுவரில் குத்தியிருக்கும் படம் நினைவுக்கு வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவர் அதே ஆபீஸில் கீழ்த் தளத்தில் இருக்கிறார். சென்சார் பிரிவு. குழந்தையின் தோலில் ஒட்டுகிற, சட்டைப் பொத்தான் அளவு சென்சாரும் அதற்குப் பின்னால் இருக்கிற சர்க்யூட்டும் அவருடையவை. ஒரு தடவை பார்த்த சூட்டை நம்பக் கூடாது என்பதால் புரோகிராம் அதை மூன்று தடவை படிக்கும். மூன்றும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளும். ஒன்று விலகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படிக்கும். திரும்பத் திரும்ப விலகினால் மணி அடித்து நர்ஸைக் கூப்பிடும். முன்பெல்லாம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. வருடக்கணக்காக அந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டினார். சர்க்யூட்டைப் புதிதாகப் போட்டார். கடைசியில் ஒருநாள் மூன்றும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வந்தன. படத்தில் மூன்று கோடுகள் இருந்தன, பார்த்தால் ஒன்றுதான் தெரிந்தது. நிறுவனத்தின் தலைவரே கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். இனி எங்கள் எல்லாப் பெட்டிகளிலும் இதே சர்க்யூட்தான் என்று முடிவானது.

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசாத மனிதர். அன்று மாலை குளியலறையில் இருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. தண்ணீர்க் குழாயில் காற்று புகுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் பாடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது. அதிலிருந்து தினமும் பாடுகிறார்.

புரோகிராம் பிரிவு, சிப்பில் இடம் போதவில்லை என்று, கம்பைலருக்குச் சுருக்கும் சுதந்திரத்தைக் கொடுத்ததும் அதே நாட்களில்தான்.

நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்குப் போனேன். மகள் சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம், அதற்கு மேல் அந்த முணுமுணுப்பு.

"கச்சேரி ஆரம்பிச்சாச்சு. துண்டு வேணும்னா இப்போ கேட்காதேம்மா, ராகம் கெட்டுடும்" என்றாள் மகள்.

"உங்கப்பா நல்லாத்தான் பாடறார்."

"அதை அவர்கிட்ட சொல்லேன். ஆபீஸ்ல சாராம் மேடமாம். வீட்டுக்கு வந்தா அவர் ஒரு 'ம்', நீ ஒரு 'ம்ம்'. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல தெரியுமா? என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல எல்லாம் தட்டு பறக்குது."

"நம்ம வீட்டுத் தட்டு ஸ்டீல். பறந்தா உனக்குத்தான் அடி."

அவள் சிரித்துவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டாள். நான் சமையலறையில் டீ போட்டேன். அவருடையதில் சர்க்கரை போடாமல் வைத்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டே வந்து எடுத்துக் குடித்தார். சர்க்கரை வேண்டாம் என்று அவர் எப்போது சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. என்றோ ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும்.

"ரிப்போர்ட் முடிஞ்சுதா?" என்றார்.

"ம். இன்னும் கொஞ்சம் இருக்கு."

"முடிச்சுட்டுக் கொண்டு வா, போட்டுடறேன்."

என் அறிக்கைகளில் சென்சார் பிரிவின் கையெழுத்துக்கும் ஒரு இடம் உண்டு. அவர் அதைப் படிக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, போட்டுவிட்டு, பேனாவை மூடுவார். "நீ எழுதினது. படிக்க வேற வேணுமா?" என்பார். மற்றவர்கள் முன்னால் அதைச் சொல்லும்போது எனக்குக் காது மடல் சூடாகும். அதை அன்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அன்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று டீக் கோப்பையைக் கழுவும்போது கை ஏனோ மெதுவாகிவிட்டது.

சொல்லியிருக்கலாம். அவர் அங்கேதான் நின்றார், ஈரத் தலையோடு. 'உங்க மூணு கோடும் ஒரே கோடுதான், கம்பைலர் ஒரு தடவைதான் படிக்குது' என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் அந்த முணுமுணுப்பு அவர் தொண்டையில் இன்னும் மிச்சமிருந்தது. தோசைக் கல்லைத் துடைத்தாற்போல வெறுமையாக இருந்த ஒரு முகத்தில், நடுவயது தாண்டி, ஏதோ ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதை அழிக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டுமா?

அன்று கனவில் நடைக்கூடம் இன்னும் நீளமாக இருந்தது. சுவரெல்லாம் ஈரம். நான் அவளிடம் எங்கள் வீட்டு வருடங்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி நீட்டினேன். கை வலிக்கிற கனம். அவள் பொறுமையாகப் படித்தாள். திருப்பித் தந்த தாள் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதில் 'டீ. ம். ம்ம். சரி.' என்று இருந்தது.

"மிச்சம் எங்கே?"

"எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை எழுதினா போதாதா?" என்றாள். அவள் பேச்சில் என்மேல் ஒரு பரிவுகூட இருந்தது.

மறுநாள் மதியம் லேபுக்குப் போனேன். லேபைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை எல்லோரும் 'ஆயா டாக்டர்' என்பார்கள். அவர் ஆயாவும் இல்லை, டாக்டரும் இல்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவர். பெட்டிக்குள் குழந்தைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கிற வெந்நீர்ப் பைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுவிட்டதால் வந்த பேர் அது. அந்தப் பையை அவர் 'பாப்பா' என்றுதான் சொல்வார்.

"மெதுவா வா. பாப்பா இப்பத்தான் தூங்குச்சு" என்றார்.

வெளியே மழை. லேபின் விளக்குகளை அணைத்திருந்தார்கள்; கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் தேன் நிறத்தில் வெளிச்சம். உள்பக்கம் மெல்லிய ஆவி படர்ந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் வட்டத் துளை வழியாகக் கையை உள்ளே விட்டேன். அந்தச் சூடு எனக்கு எப்போதும் விளங்காதது. வெயிலின் சூடு இல்லை, அடுப்பின் சூடு இல்லை. யாரோ நம்மை நினைத்துக்கொண்டிருப்பது போன்ற ஒரு சூடு. குல்லாய்க்குக் கீழே பையைத் தொட்டபோது அது லேசாக அசைந்து கொடுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

"எனக்குப் பொறந்ததே நாலு கிலோ. இந்தப் பெட்டிக்குள்ள அவளைத் திணிச்சிருந்தா பெட்டிதான் உடைஞ்சிருக்கும்" என்றேன்.

"உன் பொண்ணைச் சொல்றியா? இப்பவும் அப்படித்தானே இருக்கா. சரி, என்ன விஷயம்? சும்மா வந்து கையை விட்டுட்டு நிக்க மாட்டியே நீ."

"சென்சார் சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். நான் கூப்பிட்டேன்னு சொல்ல வேண்டாம்."

ஆயா டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

அவர் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் எங்கிருந்தோ ஒட்டிய ஈயத் துணுக்கு. என்னைப் பார்த்ததும் "மேடம் இங்கே என்ன?" என்றார், ஆயா டாக்டர் இருந்ததால்.

"ஒண்ணு காட்டணும் சார்" என்றேன்.

திரையில் மூன்று எண்கள் ஓடின. 36.42. 36.42. 36.42. மூன்றும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அணிவகுப்பில் கால் மாற்றுவது போல. அவர் அதைப் பார்த்த பார்வையில் ஒரு கனிவு இருந்தது. குழந்தைப் படத்தை நீட்டினால் மனிதர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"இது இப்போ ஓடற புரோகிராம். கம்பைலருக்குச் சுருக்கற சுதந்திரம் குடுத்தது. இப்போ அதே புரோகிராமை, ஒரு எழுத்துகூட மாத்தாம, அந்தச் சுதந்திரம் இல்லாம ஏத்தறேன். பாருங்க."

ஏற்றினேன். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு எண்கள் வந்தன. 36.41. 36.43. 36.42. மறுபடி. 36.44. 36.41. 36.42. கடைசி இலக்கங்கள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தன, காற்றில் தண்ணீர்ப் பரப்பு போல.

அவர் குனிந்தார். "கேபிள் லூஸா இருக்கும்" என்றார்.

"இல்ல சார்."

"அப்போ வேற சென்சார் மாட்டியிருக்கீங்க."

"அதே பாப்பா, அதே பொத்தான், நான் கை வைக்கவே இல்ல" என்றார் ஆயா டாக்டர்.

நான் சொன்னேன். கவுண்டரைப் பற்றி, உள்ளே தள்ளி வைத்த சொல்லைப் பற்றி, இரண்டு தடவை போகாமல் ஒரு தடவை போன கம்பைலரைப் பற்றி. அவருடைய சென்சாரைப் படிக்கிற புரோகிராமிலும் அந்தச் சொல் அதே போல உள்ளே போயிருந்ததைக் காட்டினேன். "மூணு தடவை படிக்கவே இல்ல. ஒரு தடவை படிச்சு, அதையே மூணு தடவை சொல்லுது."

அவர் நிமிரவில்லை.

"எப்போ தெரியும்?"

"நேத்து."

"நேத்து எப்போ?"

"பஸ்ல."

"அப்போ வீட்டுக்கு வரும்போதே தெரியும்." இப்போது நிமிர்ந்தார். மேடம் போய்விட்டது. "டீ குடுத்தியே. அப்போ தெரியும். ரிப்போர்ட் முடிஞ்சுதான்னு கேட்டேனே, அப்போ தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? ஊரைக் கூட்டி வெச்சுத்தான் சொல்லணுமா?"

"வீட்டுல சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? 'ம்'னு சொல்லியிருப்பீங்க."

"நீ எதைக் கேட்டாலும் 'சரி'ங்கற. உனக்கு நான் 'ம்'னு சொல்லக் கூடாதா?"

"நான் கேட்கறதே இல்லைங்க! எதைக் கேட்டேன் நான் உங்களை?" என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "மூணும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா வருதே, இப்படி வருமான்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?"

"தோணிச்சு."

நான் நிறுத்திவிட்டேன்.

"தோணிச்சுடி. முதல் நாளே தோணிச்சு. அப்புறம், மேல நீ உட்கார்ந்துட்டு ஒவ்வொண்ணையும் சோதிக்கறியே, தப்பு இருந்தா உன் கண்ணுல படாம போகுமான்னு விட்டுட்டேன். நீ பார்த்தா போதும்னு." கையில் இருந்த ஈயத் துணுக்கை நகத்தால் சுரண்டினார். "நீ அந்தப் படத்தைப் பார்த்தியே. உனக்குத் தோணலையா? எல்லாத்துக்கும் டவுட் படற உனக்கு?"

தோன்றவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, 'அழகா இருக்கு' என்று சொன்னேன். அது அவர் செய்தது என்பதால்.

"ரெண்டு பேரும் பாப்பா முன்னாடி சண்டை போடாதீங்க" என்றார் ஆயா டாக்டர். குரலில் சிரிப்பு இல்லை. "இங்கே பாருங்க, என்னவோ ஆகுது."

பெட்டியின் சூடு இறங்கியதால் ஹீட்டர் தானாக இயங்கியிருந்தது. திரையில் 36.41, 38.90, 36.42. ஒரு எண் மட்டும் துள்ளியிருந்தது. பிறகு அடங்கியது. புரோகிராம் அந்த மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படித்தது. அதற்குச் சொல்லிக் கொடுத்தபடியே. ஹீட்டர் அணைந்து மறுபடி இயங்கியது. மறுபடி ஒரு துள்ளல்.

அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். கோபம் அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதவு திறந்து இன்னொரு ஆள் வெளியே வந்தார்.

"ஹீட்டர் ஆன் ஆகற அந்த நேரத்துல" என்றார், யாரிடமும் இல்லாமல். "கரண்ட் இழுக்கறப்போ சர்க்யூட் குலுங்குது. இது இத்தனை நாளா இருந்திருக்கு. தெரியவே இல்ல."

"பழைய மாதிரியே விட்டிருந்தா அந்த முப்பத்தெட்டு தொண்ணூறு மூணு தடவை வந்திருக்கும்" என்றேன். "மூணும் ஒத்துப்போகுதுன்னு ஏத்துக்கிட்டிருக்கும்."

"ஏத்துக்கிட்டு ஹீட்டரைக் குறைச்சிருக்கும்."

மூவரும் குல்லாய் போட்ட அந்தப் பையைப் பார்த்தோம். தேன் வெளிச்சத்தில் அது நிஜமாகவே மூச்சுவிடுவது போல இருந்தது. அவர் மெல்லத் துளை வழியாகக் கையை விட்டு, புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார், எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் வைத்துப் பார்ப்பாரே அந்த மாதிரி. பிறகு கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் வீட்டில் பாட்டு இல்லை. குளியலறையில் தண்ணீர் மட்டும் விழுந்தது. நான் டீ போடும்போது, கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, "சர்க்கரை போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் செய்தித்தாளுக்கு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "வேண்டாம்" என்றார்.

மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, தட்டு பறக்குமா?" என்றாள் மெதுவாக. அவர் செய்தித்தாளைத் திருப்பினார், நான் கரண்டியோடு சமையலறைக்குத் திரும்பினேன். அவளுக்கே பயமாகிவிட்டது, அன்று கேட்காமலே பாத்திரம் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் அறிக்கையை முடித்திருந்தேன். சுருக்கும் சுதந்திரத்தோடு இந்தக் கம்பைலரை இந்தப் பெட்டிக்கு நம்ப முடியாது. அந்தச் சுதந்திரம் இல்லாமல் நம்பலாம். ஆனால் அப்போது சிப்பில் இடம் போதாது, புரோகிராமைச் சுருக்கி எழுத வேண்டும், சர்க்யூட்டையும் சரிசெய்ய வேண்டும். தேதி அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் சர்க்யூட்டையே போட்டுக் கவுத்திருக்கீங்க."

"நான் கவுக்கலை சார். குலுங்குதுன்னு எழுதியிருக்கேன்."

"மேல என்ன சொல்வேன் நான்? புதுத் தேதி கேட்டா?"

"தெரியலைன்னு சொல்லுங்க சார்."

அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் மேலே சொன்னதில்லை போல. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "முதல்ல அவர் கையெழுத்துப் போடறாரான்னு பாருங்க. அவர் போடாம இது செல்லாது" என்றார்.

தாள்களை எடுத்துக்கொண்டு கீழ்த் தளத்துக்கு இறங்கினேன். படிகளில் மழை வெளிச்சம் சாம்பலாக விழுந்திருந்தது. நீண்ட நடைக்கூடம், கோடியில் அவர் மேஜை. ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று குழம்பிவிட்டது. அவர் குனிந்து சர்க்யூட்டில் ஈயத்தால் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய புகை எழுந்து அவர் முகத்தை மறைத்தது. சுவரில் அந்தப் படம் இல்லை. குண்டூசி குத்திய நான்கு துளைகள் மட்டும் இருந்தன.

தாள்களை நீட்டினேன்.

வாங்கினார். கை வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. பேனாவையும் திறந்துவிட்டார். போட்டுவிடுவார். கோபத்தோடோ வருத்தத்தோடோ, படிக்காமல் போட்டுவிடுவார்.

பேனா அப்படியே நின்றது. பிறகு அவர் அதை மூடி மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

படித்தார். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கூச்சமானது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் உதடு லேசாக அசைந்தது. ஓரிடத்தில் நின்றார். திரும்பிப் போய்ப் படித்தார்.

"இது என்ன?"

குனிந்து பார்த்தேன். அவருடைய சென்சாரைப் பற்றி நான் எழுதிய பத்தி.

"சூட்டை ஒரு தடவை படிக்கறதுக்கும் அடுத்த தடவை படிக்கறதுக்கும் நடுவுல ரெண்டு மில்லிசெகண்ட்னு எழுதியிருக்க."

"ரெண்டுதானே?"

"அது பழைய சர்க்யூட். புதுசுல மாத்திட்டேனே. மாத்தி ரொம்ப நாளாச்சு."

முகம் சூடேறியது. அந்த எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தேடிப் பார்த்தேன். எங்கிருந்தும் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். அவருடைய விஷயம், எனக்குத் தெரியாதா என்று.

"போய்ப் பார்க்கலை நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள், எனக்கு நினைவில் இருந்ததைவிடக் கொஞ்சம் பழுப்பாக இருந்தன.

"இப்போ எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் சொல்லவில்லை. எழுந்து, பக்கத்து மேஜையில் இருந்த ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டார். மின்விளக்கைச் சர்க்யூட்டின் மேல் திருப்பினார்.

"உட்காரு" என்றார். "அளந்து காட்டறேன்."